பெருவிரலுக்கு ஒரு கரை: படுவான்கரையில் எட்டு வருடம், மூன்று கருவி

விடிய ஐந்தரைக்கெல்லாம் பால் வரத் தொடங்கிவிடும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைத்தான் படுவான்கரை என்போம். அங்கே ஒரு நாள் மண்டூர், ஒரு நாள் வெல்லாவெளி, ஒரு நாள் கொக்கட்டிச்சோலை என்று கிழமையில் ஆறு நாள் எனக்குச் சுற்றுத்தான். யார் எத்தனை லீற்றர் கொண்டுவந்தார், பாலின் தரம் பார்க்கிற லக்டோமீட்டர் என்ன காட்டியது, எந்தப் பட்டியில் எந்த மாட்டுக்கு ஊசி போட்டது, எல்லாம் பதிய வேண்டும். 2017 வரை கொப்பியும் பேனையும். பிறகு கந்தோரில் டெப் தந்தார்கள். அன்றிலிருந்து மூன்று கருவிகளைத் தேயத் தேயப் பாவித்துவிட்டேன். என்ன கம்பனி, என்ன மாடல் என்று கேட்க வேண்டாம். பற்றரி, கமரா, வேகம் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது திரையைச் சுற்றி ஓடுகிற கறுப்புக் கரையைப் பற்றி. போன் கடைக்காரர்கள் அதைப் பெசல் என்பார்கள். அதுவும் "பெசலே இல்லை அண்ணன்" என்று சொல்லி விற்பதற்கு மட்டும்.

முதலாவது எட்டு அங்குல டெப். மேலும் கீழும் இரண்டு விரல் அகலத்துக்குக் கரை, பக்கங்களில் ஒரு பெருவிரல் படுக்கும் அளவு, கீழே அமத்துகிற பொத்தான் ஒன்று. வீட்டுக்குக் கொண்டுபோன அன்றே மருமகள் சிரித்தாள். "மாமா, இதென்ன போட்டோவுக்குச் சட்டம் அடிச்ச மாதிரி!" எனக்கும் வெட்கம்தான். அந்த வருடம்தான் ஐபோன் எக்ஸ் வந்தது. அதற்கு முந்தின வருடம் ஷாவ்மியின் மி மிக்ஸ். மூன்று பக்கமும் திரையை விளிம்பு வரை இழுத்துவிட்டு, முன்கமராவைக் கீழே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். தன்னைப் படம் எடுக்க வேண்டுமென்றால் போனைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். அதையும் உலகமே புகழ்ந்தது. என் கையிலோ படச்சட்டம்.

வெட்கம் இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. பால் சேரும் இடத்தில் மேசை கிடையாது. இடது கையில் டெப், வலது கையில் வாளியோ லக்டோமீட்டரோ இருக்கும். நின்றபடிதான் எல்லாம். இடது பெருவிரல் அந்தப் பக்கக் கரையில் அழுத்தமாகப் படுத்துக்கொள்ளும். எவ்வளவு அழுத்தினாலும் திரையில் ஒன்றும் நடக்காது. அந்த ஒன்றும் நடக்காத இடம்தான் என் வேலைக்கே பிடிமானம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அது இல்லாமல் போன பிறகுதான் தெரிந்தது.

மண்டூருக்குப் போக நான் குருமண்வெளியில் பாதை ஏறுவேன். வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும், எங்களுக்குப் பாதை என்றால் தரையில் போவது மட்டுமல்ல, ஆற்றில் ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு மிதப்பதும் பாதைதான். மண்முனையில் 2014இல் பாலம் வந்த பிறகு அந்தப் பக்கம் பாதை தேவைப்படவில்லை. கச்சான் காற்று அடிக்கிற நாளில் பாதையில் நின்றுகொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையில் டெப்பை வைத்து முதல்நாள் கணக்கைச் சரிபார்ப்பேன். தண்ணி தெறிக்கும். டெப்பின் கரையில் தெறித்தால் பரவாயில்லை. திரையில் தெறித்தால்தான் வினை.

காரணம் இதுதான். இந்தத் தொடுதிரைகள் அழுத்தத்தை அளப்பதில்லை. கண்ணாடிக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத மின்முனை வலை ஒன்று இருக்கிறது. விரல் கிட்ட வரும்போது அந்த இடத்து மின்னேற்றத்தில் வரும் மாற்றத்தைத்தான் அது பார்க்கிறது. தண்ணியும் மின்சாரம் கடத்தும், வியர்வையும் கடத்தும், பாலும் கடத்தும். ஈரம் பரவினால் விரல் எது, ஈரம் எது என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. கறுப்புக் கரைக்குக் கீழே தொடுகை பார்க்கிற வேலை கிடையாது. அதனால் பால் கையோ சேற்றுக் கையோ, அதில் வைத்துப் பிடிக்கலாம்.

பெரிய கம்பனிகளுக்கு இது தெரியாமல் இல்லை. 2010இல் வந்த முதல் ஐபேட் 680 கிராம். அந்தப் பாரத்தைக் கையில் ஏந்த வேண்டும் என்பதால்தான் சுற்றிவரத் தடித்த கரை. 2012இல் ஐபேட் மினி வந்தபோது பாரம் 308 கிராமாகக் குறைந்தது, பக்கக் கரையும் ஒடுங்கியது. பெருவிரல் திரையில் சும்மா கிடக்கிறதா, வேலையாகத் தொடுகிறதா என்று கண்டுபிடிக்க மென்பொருள் எழுதினார்கள். கரையை எடுத்த இடத்தில் காவலுக்கு ஆள் வைத்த கதை. காவல்காரன் விழித்திருக்கும் வரை பிரச்சினை இல்லை.

என் முதல் டெப்பில் குறை இல்லை என்று சொல்லவில்லை. கால்சட்டைப் பொக்கெட்டுக்குள் போகாது. பொத்தானைச் சுற்றிய இடுக்கில் தவிடும் சாணித்தூளும் இறுகி, 2021 கடைசியில் அது அமுங்காமலே போயிற்று.

அடுத்த டெப்புக்குக் கந்தோரில் காசில்லை. 2022இல் 200 ரூபாவாக இருந்த டொலர் 360ஐத் தாண்டியபோது கேட்கவும் மனம் வரவில்லை. கொஞ்சம் முன்னால் ஆசைப்பட்டு நான் வாங்கியிருந்த போனிலேயே பதிவு வேலையைத் தொடங்கினேன். வளைந்த திரை. இரண்டு பக்கமும் கண்ணாடி வழிந்து கீழே இறங்கும். கல்லடிப் பாலத்தில் பின்னேரம் எடுத்த படத்தைத் திறந்தால் வாவித் தண்ணி கைக்குள் வடிகிற மாதிரி இருக்கும். இவ்வளவு அழகான பொருள் அதற்கு முன் என் கையில் இருந்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அழகு பின்னேரத்துக்கு. விடியற்காலைக்கு வேறு கதை.

ஒரு கையில் பிடித்தால் உள்ளங்கைச் சதை வளைவில் படும். லீற்றர் போடும் பெட்டி தானாகத் திறக்கும், ஒருவரின் பால் இன்னொருவர் பெயரில் விழும். ஒருநாள் ஒரு பெரியம்மாவின் பத்து லீற்றர் நூறாகப் பதிந்துபோய், கணக்கு முடித்த அன்றுதான் கண்டேன். "தம்பி, என்ட மாடு அவ்வளவு கறக்குமெண்டா நான் ஏன் கா இன்னும் ஓலை வேலிக்குள்ள கிடக்கன்?" என்றார் அவர். சிரித்தோம். எனக்கு உள்ளுக்குள் வேர்த்தது.

இதைத் தடுக்கப் போனிலேயே வழி இருந்தது. விளிம்பில் படுகிற தொடுகையை மென்பொருள் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். நல்லதுதானே? தமிழில் தட்டச்சு செய்கிறவருக்கு நல்லதில்லை. நான் பாவிப்பது தமிழ்99 என்கிற விசைப்பலகை. ஆங்கில விசைப்பலகையின் மேல்வரிசையில் பத்து எழுத்து, தமிழ்99இல் பன்னிரண்டு. ஒடுக்கமான திரையில் பன்னிரண்டையும் அடுக்கினால் விசைகள் மெலிந்து விளிம்புக்குத் தள்ளப்படும். இடது ஓரத்தில் இருப்பது 'ஆ'வும் 'அ'வும். அவை இல்லாமல் தமிழில் என்ன எழுதுவது? வளைவில் இருக்கிற 'அ'வை நான் தொட, உள்ளங்கைதான் பட்டது என்று போன் அதை விட்டுவிடும். வீட்டுக்கு "அம்மா, வர நேரமாகும்" என்று அனுப்பினால் "ம்மா, வர நேரமாகும்" என்று போகும். நாள் முழுக்கப் பட்டியில் நின்றவன் கன்றுக்குட்டி மாதிரியே கூப்பிடுகிறான் என்று அம்மா ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

வளைவுக்கு டெம்பர் கண்ணாடியும் ஒழுங்காக ஒட்டாது. ஒட்டினாலும் ஓரம் கிளம்பும். கடைசியில் வளைவிலேயே அடிபட்டு வெடித்தது. கல்முனையில் ஒரு திருத்துனரிடம் கொண்டுபோனேன். திரை மாற்றப் போன் விலையில் பாதிக்குக் கிட்டக் கேட்டார், ஆனால் சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனிதன். என் போனையும் பக்கத்தில் கிடந்த மலிவுப் போன் ஒன்றையும் திறந்து காட்டினார். மலிவுப் போனுக்குக் கீழ்க்கரை ஏன் தடிப்பு என்று அன்றுதான் விளங்கியது. அது எல்சிடி, பின்னாலிருந்து விளக்கு அடிக்கிற திரை. திரையை ஓட்டுகிற சில்லும், பலகைக்குப் போகிற பட்டை வயரும், பின்னொளி விளக்கு வரிசையும் ஒரு ஓரத்தில் உட்கார வேண்டும். அந்த ஓரம்தான் கீழ்த்தாடை. விலை கூடிய போனில், தானே ஒளிர்கிற ஓஎல்இடி திரையைப் பிளாஸ்டிக் தகட்டில் செய்து, அந்த ஓரத்தை அப்படியே பின்பக்கம் மடித்துவிடுகிறார்கள். ஐபோன் எக்ஸுக்குக் கீழ்த்தாடை இல்லாமல் போனது அப்படித்தான். ஆகவே ஒடுங்கின கரை என்பது முதலில் காசுக்காரன் அடையாளம், கைக்கு வசதியா என்பது பிறகு வந்த கேள்வி. சாம்சங் 2015இல் கலக்ஸி எஸ்6 எட்ஜில் இரு பக்கமும் வளைத்தது. 2024இல் எஸ்24 அல்ட்ராவில் திரும்பத் தட்டையாக்கிவிட்டது. அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு இருந்த சந்தோசம் கொஞ்சம் சின்னத்தனமானது, ஒத்துக்கொள்கிறேன்.

இடையில் ஒன்று. அதே 2022இல், மணிக்கணக்காக மின்வெட்டு இருந்த காலத்தில், கனடாவிலிருந்து வந்த அண்ணன் அப்பாவுக்குப் புத்தகம் வாசிக்கிற கருவி ஒன்று, கிண்டில் பேப்பர்வைட், கொடுத்தார். 6.8 அங்குலத் திரை, மூன்று பக்கமும் ஒரு சென்றிமீற்றர் கரை, கீழே அதைவிட அகலம். அப்பா சாய்மனைக் கதிரையில் கிடந்து அதை இரண்டு மணித்தியாலம் ஒரே கையில் பிடிப்பார், பக்கம் தவறிப் புரண்டது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கிண்டில் ஒயாசிஸ் என்று ஒன்று 2016இல் வந்தது. ஒரு பக்கக் கரையை மட்டும் அகலமாக்கி, பக்கம் புரட்டும் பொத்தானை அதில் வைத்து, பாரத்தையும் கை இருக்கிற பக்கத்துக்கே தள்ளியிருந்தார்கள். இடக்கைக்காரர் அதைத் திருப்பிப் பிடித்தால் எழுத்தும் சேர்ந்து திரும்பும். பிடிக்கிற கையை நினைத்துச் செய்த பொருள் அது. இப்போது அதைச் செய்வதில்லை.

மூன்றாவது, 2023 கடைசியில் கந்தோர் தந்த பத்தரை அங்குல டெப். நான்கு பக்கமும் ஒரே அளவாகப் பெருவிரலில் பாதி அகலக் கரை. முதல் நாளே கை வீடு வந்து சேர்ந்தது. பெரியம்மாவின் பால் பெரியம்மா பெயரிலேயே நிற்கிறது. 'அ' திரும்பி வந்துவிட்டது.

ஆனால் இதிலும் இரண்டு கரைச்சல். முதலாவது, கமரா நீளப் பக்கத்தில் இல்லாமல் குறுகிய பக்கத்துக் கரையில் இருக்கிறது. கிடையாக வைத்துச் சூம் கூட்டத்தில் இருந்தால் நான் யாரையோ பக்கவாட்டில் முறைத்துக்கொண்டிருக்கிற மாதிரித் தெரியும். ஐபேட்டிலேயே 2022இல் பத்தாம் தலைமுறையில்தான் கமராவை நீளப் பக்கத்துக்கு மாற்றினார்கள். டெல் எக்ஸ்பிஎஸ் 13 மடிக்கணினியில் 2015இல் மேல்கரையை 5.2 மில்லிமீற்றருக்கு ஒடுக்கப் போய்க் கமராவைத் திரைக்குக் கீழே வைத்தார்கள். கூட்டத்தில் இருந்தவருக்கெல்லாம் மூக்குத்துவாரம்தான் தரிசனம். 2019இல் தம்மாத்துண்டுக் கமரா ஒன்றைச் செய்து மேலே ஏற்றினார்கள். கரையை அகற்றுவது லேசு, அதில் குடியிருந்தவர்களை எங்கே கொண்டுபோய்க் குடியேற்றுவது என்பதுதான் பாடு.

இரண்டாவது, அந்த விளிம்பு இழுவை. 2019இல் ஆண்ட்ரொய்ட் 10 வந்த நாளிலிருந்து திரையின் ஓரத்திலிருந்து உள்ளே இழுத்தால் பின்னால் போகும். எங்கள் பதிவுச் செயலியில் ஊர்ப் பட்டியலும் இடது ஓரத்திலிருந்துதான் இழுபட்டு வரும். ஊரைத் தேடி இழுத்தால் பதிவே மூடிக்கொள்ளும். இதற்கு மேல், சேறு படாமலிருக்க நான் போட்ட றப்பர் கவரின் வரம்பு உயரம். விரல் விளிம்பைத் தொட முதலே வரம்பில் இடறுகிறது. கவரில் ஒரு பக்க வரம்பைப் பிளேட்டால் சீவிவிட்டேன். டெப்பின் செட்டிங்கில் போய், இழுவைக்குப் பதிலாகத் திரையின் கீழே பொத்தான் காட்டுகிற மூன்று பொத்தான் முறைக்கு மாற்றியும் விட்டேன். இப்போது சரி.

கரை ஒடுங்கினால் எல்லாமே பிழை என்று நினைக்கவும் வேண்டாம். கையில் பிடித்து விளையாடுகிற நின்டெண்டோ ஸ்விட்ச் 2017இல் 6.2 அங்குலத் திரையோடு வந்தது. 2021இல் கிட்டத்தட்ட அதே உடம்புக்குள் ஏழு அங்குலத்தைப் புகுத்தினார்கள். ஒருத்தருக்கும் பிடிக்கக் கஷ்டம் வரவில்லை, ஏனென்றால் அதில் கை பிடிக்கிற இடம் இரண்டு பக்கமும் தனியாக இருக்கிறது. பொக்கெட் போனுக்கும் ஒடுக்கக் கரை போதும், திரை தட்டையாக இருந்தால். பின்பக்கத்தைத்தானே உள்ளங்கை தாங்குகிறது. நின்றபடி முன்பக்கத்தைப் பெருவிரலால் கவ்விப் பிடிக்கிற கருவிக்குத்தான் என் சண்டை.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த மூன்று பேருக்கு டெப் எடுக்க என்னையே மட்டக்களப்பு ரவுனுக்கு அனுப்பினார்கள். கடையில் ஒவ்வொன்றாகத் தூக்கி, ஒற்றைக் கையில் கவ்வி, கையை உதறிப் பார்த்தேன். கடைக்காரத் தம்பி பொறுமையாக நின்றார். பிறகு தண்ணிப் போத்தலைத் திறந்து கையை நனைத்தேன். அவர் டெப்பை வாங்கிக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

"அண்ணன், எடுத்துப்போட்டு நனையுங்க."

அதனால் மூன்றும் காய்ந்த கையோடு தேர்ந்தவை. மாரி முடிய, அவை எப்படி நின்றன என்று எழுதுகிறேன்.