பட்டறை வீடியோவுக்கு வாங்கின ஒயர்லெஸ் காலர் மைக்

பைக் ரிப்பேர் சேனல் ஆரம்பிக்கிறவங்க முதல்ல கேமராவைத்தான் தேடுறாங்க. நம்ம தொழிலுக்கு மைக்தான் முக்கியம். டேப்பெட் (இன்ஜின் வால்வைத் தள்ளித் திறக்கிற பாகம்) சத்தமா, டைமிங் செயின் சத்தமான்னு பார்க்கிறவங்க காதுல விழலைன்னா அது என்ன வீடியோ?

டைப்-சி ரிசீவர், ரெண்டு கிளிப் மைக், விலை ரெண்டாயிரத்துக்குள்ள. பேச்சுக்கு அருமை. பக்கத்துல ஏர் கம்ப்ரெஸர் ஓடினாலும் குரல் தெளிவா வருது. ஆனா சுத்துப்புற இரைச்சலைக் குறைக்கிற அந்த நாய்ஸ் கேன்சலிங்தான் வில்லன். ஐடிலிங்ல சிலிண்டர் ஹெட்ல இருந்து வர்ற 'டிக் டிக்'கையும் இரைச்சல்னு நெனச்சு வழிச்சுத் துடைச்சிடுது. டேப்பெட் அடிக்கிற பழைய ஸ்ப்ளெண்டர், வீடியோவுல ஷோரூம்ல இருந்து இப்பதான் இறக்கின மாதிரி ஓடுது!

நல்லவேளை, மைக்லயே பட்டன் இருக்கு. கேன்சலிங்கை ஆஃப் பண்ணி, ஹெட்ல இருந்து ஒரு ஜாண் தள்ளிப் பிடிச்சா சத்தம் அப்படியே வருது. அதைவிடக் கிட்ட கொண்டு போகாதீங்க, ஆக்சிலேட்டர் முறுக்கினா சத்தம் உடைஞ்சு கரகரங்குது.

பெரிய குறை, ரிசீவர்ல ஹெட்போன் சொருக இடமில்ல. என்ன பதிவாகுதுன்னு அப்பவே கேட்க முடியாது. டேப்பெட் இடைவெளியை செட் பண்ண இன்ஜின் நல்லா ஆறியிருக்கணும். ஆறவெச்சு, டேப்பெட் கவரைக் கழட்டுற நேரத்துல, செட் பண்றதுக்கு முந்தின சத்தம் பதிவாகலைன்னு தெரிஞ்சா, மறுபடி ஸ்டார்ட் பண்ணி, மறுபடி ஆறவிடணும். அதுக்குள்ள கஸ்டமர் வண்டி கேட்டு வந்துடுவாரு.

சமையல், டூர் சேனல்காரங்க யோசிக்காம வாங்கலாம். மெக்கானிக்குங்க கேன்சலிங்கை ஆஃப் பண்ண முடியுமான்னு கடையில கேட்டுட்டு காசு கொடுங்க.