மரவை குடைய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

பாட்டி வீட்டு அடுக்களையில் உப்பு போட்டு வைத்திருந்த மரவையை, அதாவது மரத்தில் குடைந்த பாத்திரத்தை, பார்த்து வளர்ந்தவன் என்பதாலோ என்னவோ, கையால் மரக் கிண்ணம் குடையக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்று சிங்கப்பூரின் கிழக்குப் பகுதித் தொழிற்பேட்டையில் நடக்கிறது என்று அறிந்ததும் உடனே பணம் கட்டிவிட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், நாளுக்கு ஐந்து மணி நேரம், மரக்கட்டையும் கருவிகளும் சேர்த்து 280 வெள்ளி. இருவர் மட்டும் சேர்ந்து நடத்தும் சிறிய தச்சுக்கூடம் அது. குறைகளையும் சொல்லப்போவதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன்.

ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் ஈரம் காயாத தூங்குமூஞ்சி மரத்தின் பாதிக் கட்டை தரப்பட்டது. 1876இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மரம் இன்று சாலையோரமெங்கும் குடை விரித்து நிற்பதால், காற்றில் சாய்ந்தவையும் கட்டுமானத்துக்காக வெட்டப்பட்டவையும் இத்தகைய கூடங்களுக்கு வந்து சேர்கின்றன. கட்டையை நெடுக்காகப் பிளந்து, மரத்தின் மையத்தில் ஓடும் நடுத்தண்டை முற்றிலும் நீக்கிய பிறகே எங்கள் கையில் கொடுத்தார்கள். ஆண்டு வளையத்தின் போக்கில் மரம் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு என்பதால், நடுத்தண்டு உள்ளே இருந்தால் காயும்போது அங்கிருந்துதான் வெடிக்கும் என்பதைப் பயிற்றுநர் ஒரு வெடித்த துண்டைக் காட்டியே விளக்கினார்.

இந்த வகுப்பின் உண்மையான சரக்கு முதல் நாள் பிற்பகலில்தான் கிடைத்தது. வாய் வளைந்த நகவுளியை மரச்சுத்தியலான கொட்டாப்புளியால் தட்டித் தட்டி, கிண்ணத்தின் உட்புறத்தை அடியிலிருந்து விளிம்பை நோக்கிச் செதுக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் மரம் சிம்பு சிம்பாகப் பிய்ந்து எழுந்தது. பக்கத்து மேசையில் இருந்த பெரியவர், கப்பல் பட்டறையில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்க மரத்தோட சண்டை போடுறீங்க. உளிய மேட்டுலேருந்து பள்ளத்துக்கு விடுங்க, அது பாட்டுக்குப் போகும்." பயிற்றுநர் காலையில் ஆங்கிலத்தில் அரை மணி நேரம் படம் வரைந்து சொன்னதும் இதைத்தான். உட்புறத்தை விளிம்பிலிருந்து குழியை நோக்கியும், வெளிப்புறத்தைக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து அடியிலிருந்து விளிம்பை நோக்கியும் செதுக்கினால், இரண்டிலுமே உளி நாரின் போக்கோடு இறங்குகிறது. இரு சரிவுகளும் சந்திக்கும் குழியின் நடுவில் மட்டும் நாருக்குக் குறுக்கே மெல்ல வழிக்க வேண்டும். அதன் பிறகு சீவல் சுருள் சுருளாக, ஈர ஆப்பிள் தோல் போல வந்தது. பயிற்றுநர் எங்கள் கையைப் பிடித்துத் திருத்தாமல், பிழை செய்ய விட்டு, சிம்பு எழுந்த இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்ன முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கருவிகள் நல்லவை, கூர்மையாகவும் இருந்தன. ஆனால் கூர் தீட்டக் கற்றுத்தரவில்லை. மழுங்கினால் அவர்களே வாங்கித் தோல்பட்டையில் தேய்த்துத் தந்துவிடுகிறார்கள். வீட்டில் தொடர நினைப்பவருக்கு இது பெரிய குறை.

இடைவேளையில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்சானா மரச் சீவலைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டு, வெயில் படும் சன்னலோரம் வைத்தார்கள். சற்று நேரத்தில் நீர் மஞ்சளாகி, பக்கவாட்டில் பார்த்தால் நீலமாக ஒளிர்ந்தது. தமிழ்நாட்டு வேங்கை மரத்துக்கு நெருங்கிய உறவான இந்த மரத்தில் பிலிப்பீன்ஸில் குடைந்த கோப்பைகள், இதே நீலத்துக்காகவே 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வியந்து பேசப்பட்டனவாம். குவளையைச் சுற்றி நின்ற எவருக்கும் மேசைக்குத் திரும்ப மனம் வரவில்லை.

இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையின் கடைசி நாற்பது நிமிடங்களில்தான் எனக்கு மனத்தாங்கல். உலர்த்துவது பற்றி, "சில வாரங்கள் காய விடுங்கள்" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். பெருமையோடு கொண்டுவந்த கிண்ணத்தைப் படுக்கையறை அலமாரியில் வைத்தேன். மூன்றாம் நாள் இரவு, குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருக்கும்போது, விரல் சொடுக்கியது போல ஓர் ஓசை கேட்டது. காலையில் பார்த்தால் விளிம்பிலிருந்து நான்கு சென்டிமீட்டருக்கு வெடிப்பு. நம் வெளிக்காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால், மரம் தன்னுள் 16, 17 விழுக்காடு ஈரத்தோடு அடங்கி நிற்கும். குளிர்சாதன அறையிலோ அது 11 விழுக்காட்டளவுக்கு இறங்கப் பார்க்கும். நாரின் வெட்டுமுனை தெரியும் இரு ஓரங்கள் மற்றப் பக்கங்களைவிட மிக விரைவாகக் காய்வதாலும், என் கிண்ணம் அங்கே இருபது மில்லிமீட்டர் தடிப்பாகவும் பக்கங்களில் பத்தாகவும் இருந்ததாலும், அது வெடிக்காமல் இருந்திருந்தால்தான் வியப்பு. முனைகளில் மெழுகு பூசி, அதன் சீவலோடேயே காகிதப் பையில் போட்டு, குளிரூட்டாத அறையில் வையுங்கள் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதித் தந்திருந்தால் போதும்.

மெருகு எண்ணெயிலும் இதே கதைதான். கையில் தந்த சிறு புட்டியில் "உணவுக்கு உகந்தது" என்று மட்டும் ஒட்டியிருந்தது. கேட்டு எழுதிய பிறகுதான் கனிம எண்ணெய் என்று தெரிந்தது. தீங்கில்லாதது, ஆனால் ஒருபோதும் இறுகாதது; நாலு முறை கழுவினால் போய்விடும். முறுக்கும் கடலையும் வைக்க அது போதும். குழம்பு ஊற்றினால், துளைகள் பெரிதான இந்த மரத்தில் மஞ்சள் கறை ஏறிவிடும். நான் இப்போது டங் மர விதையிலிருந்து எடுக்கும் கலப்பில்லாத டங் எண்ணெயை மெல்லிசாகப் பூசி, உபரியைத் துடைத்து, வாரக்கணக்கில் இறுக விடுகிறேன். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாமல் தண்ணீரில் நனைத்துவிட வேண்டும்; டங், ஆளிவிதை போன்ற உலரும் எண்ணெய்கள் காற்றோடு வினைபுரிந்து சூடேறி, சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றக்கூடும். இதையும் வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை.

ஆக, செதுக்கக் கற்க விரும்புகிறவர் தாராளமாகப் போகலாம். 280 வெள்ளிக்கு அந்த முதல் பிற்பகலே ஈடு. முடித்த கிண்ணம் ஒன்று வேண்டும் என்பதற்காக மட்டும் போகிறவர் ஏமாறக்கூடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கொட்டாப்புளி ஓசை கீழ்வீட்டுக்கு இறங்கும் என்பதால், நான் நுனி வளைந்த கொக்கிக் கத்தியால்தான் தொடர்கிறேன். நேரம் மூன்று மடங்காகிறது. கூடத்திலேயே 25 வெள்ளிக்கு வாங்கிய இரண்டாவது கட்டையின் கிண்ணம் இப்போது சேமிப்பறையில் காகிதப் பைக்குள் இருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்து வருகிறேன்: 640 கிராமில் தொடங்கியது, ஒன்பது நாள்களாக 418லேயே நிற்கிறது, அதாவது காய்ந்துவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாளை எடுக்கலாம்.