சூரியன் இறங்கிய பிறகு யார் கைகொடுப்பது? மாலை மின்சாரத்துக்குப் போட்டியிடும் வழிகள்: ஓர் ஒப்பீடு

சூரிய மின்சாரமா, நிலக்கரியா என்ற பட்டிமன்றத்துக்குத் தீர்ப்பு வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. புதிதாக நிலையம் கட்டுவதென்றால், பகலில் சூரியத் தகடு தரும் விலைக்கு ஒரு யூனிட்டைத் தர பெரும்பாலான நாடுகளில் நிலக்கரியால் முடிவதில்லை. சண்டை இப்போது மாலை நேரத்துக்குத்தான். வெயில் சாய்ந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் சூரிய உற்பத்தி சுத்தமாக நின்றுபோகும். அதே நேரத்தில்தான் வீடுகளில் விளக்கும் குளிர்சாதனமும் ஓடத் தொடங்கும். சூரிய உற்பத்தி போக மிச்சமுள்ள தேவையை வரைந்தால், பகலில் வயிறாகத் தொங்கி மாலையில் கழுத்தாக எழும்பும் ஒரு கோடு வரும். கலிஃபோர்னியாவின் மின்தொகுப்பை நடத்துபவர்கள் இந்த வளைகோட்டைப் பார்த்து 'வாத்து' என்று பெயர் வைத்தார்கள். அந்த வாத்தின் கழுத்தில் ஏற ஆறேழு போட்டியாளர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

இவர்களை எடைபோட மூன்று கேள்விகள் போதும். எத்தனை மெகாவாட்? எத்தனை மணி நேரம்? ஆண்டுக்கு எத்தனை முறை? முதல் இரண்டும் எல்லா அறிவிப்பிலும் இருக்கும். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. ஆனால் கணக்கைத் தீர்மானிப்பது அதுதான். ஒரு பேட்டரியை ஆண்டுக்கு 300 முறை நிரப்பிக் காலிசெய்தால் முதலீடு 300 பங்காகப் பிரியும். காற்றும் வெயிலும் சேர்ந்து ஏமாற்றும் 10 நாட்களுக்கென்றே வாங்கி வைத்தால் 10 பங்காகத்தான் பிரியும். பெட்டி ஒன்றுதான், ஆனால் அது தரும் யூனிட்டின் விலை 30 மடங்காகிவிடுகிறது.

பேட்டரி: தினசரி வேலைக்கு முதல் ஆள்

நான்கு மணி நேரம் வரையிலான மாலைத் தேவைக்கு இன்று பேட்டரியை அசைக்க ஆள் இல்லை. ஆர்டர் கொடுத்து ஓரிரு ஆண்டில் மின்சாரம் வந்துவிடும். நிலம் குறைவு, நதி வேண்டாம், மலை வேண்டாம். 2024 ஏப்ரலில் ஒரு மாலை கலிஃபோர்னியாவில் எரிவாயுவையும் அணுமின்சாரத்தையும் முந்திக்கொண்டு, சிறிது நேரத்துக்குப் பேட்டரிகளே மிகப்பெரிய மின்மூலமாக இருந்தன. பத்தாண்டுக்கு முன் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஆனால் வாங்கும்போது பெயர்ப்பலகைக் கணக்கை நம்பக்கூடாது. 100 மெகாவாட்டை 4 மணி நேரம் கொடுக்க 400 மெகாவாட்-மணி போதும் என்று தோன்றும். முழுவதும் காலிசெய்ய முடியாது என்பதால் 90 சதவீதம்தான் பயன்படும். வெளியேறும் வழியில் இன்வெர்ட்டரும் மின்மாற்றியும் 6 சதவீதம் தின்னும். பத்தாண்டில் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு தேயும். மூன்றையும் பெருக்கினால் 0.9 × 0.94 × 0.8, அதாவது 0.68. பத்தாம் ஆண்டிலும் வாக்கைக் காப்பாற்ற இன்றே 590 மெகாவாட்-மணி வாங்க வேண்டும். அல்லது 475 அளவில் தொடங்கி, பிறகு பெட்டிகளைச் சேர்க்க இடமும் கேபிள் பாதையும் விட்டுவைக்க வேண்டும். செல் விலை இறங்கிக்கொண்டிருக்கும்வரை இரண்டாவதே புத்திசாலித்தனம். கொள்ளளவை எங்கே அளப்பது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் தகராறு நிச்சயம். பேட்டரி முனையில் அளப்பதற்கும், மின்தொகுப்பில் சேரும் இடத்தில் குளிரூட்டும் செலவு போக அளப்பதற்கும் வித்தியாசம் நிறைய.

இன்று நிலையங்களில் பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள்தான். அவை உறுதியானவை, தீப்பிடிக்கும் வாய்ப்பும் குறைவு. ஆனால் அவற்றுக்கென்று ஒரு தொல்லை உண்டு. 20 முதல் 80 சதவீதம் வரை மின்னழுத்தம் கிட்டத்தட்ட ஆடாமல் நிற்பதால், உள்ளே எவ்வளவு மிச்சம் என்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்கே சரியாகத் தெரியாது. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்து ஊகிக்கிறது. பிழை நாளுக்கு நாள் சேரும். மாலை உச்ச நேரத்தில் '40 சதவீதம்' என்று காட்டிய பெட்டி சட்டென்று கைவிரிப்பது இதனால்தான். அவ்வப்போது முழுக்க நிரப்பி அளவைத் திருத்துவதை நடைமுறையில் எழுதி வைக்க வேண்டும்.

தீயைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 2025 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங் பேட்டரி நிலையம் எரிந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அங்கே இருந்தவை நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் செல்கள். அதைவிடப் பெரிய தவறு, அவற்றை ஒரே கட்டடத்துக்குள் அடுக்கியது. திறந்தவெளியில் தனித்தனிப் பெட்டிகளாக, இடைவெளி விட்டு வைத்தால் ஒரு பெட்டி எரிந்தாலும் பக்கத்துப் பெட்டி பிழைக்கும். பக்கத்து ஊர்க்காரர்கள் எதிர்த்தால் அதை அறியாமை என்று தள்ளாமல், பெட்டிகளுக்கு இடையே எத்தனை மீட்டர் என்ற வரைபடத்தைக் காட்டுவது நல்லது.

நீரேற்று நிலையம்: மெதுவாக வரும், வந்தால் நிற்கும்

பகலில் கீழ்க்குளத்து நீரை மேலே ஏற்றி, மாலையில் டர்பைன் வழியாக இறக்குவது நூறாண்டுப் பழைய வித்தை. மனக்கணக்குக்கு ஒரு எண் போதும்: 400 மீட்டர் உயர வித்தியாசத்தில் 1 கன மீட்டர் நீர் இறங்கினால் ஏறக்குறைய 1 யூனிட். 1,000 மெகாவாட்டை 8 மணி நேரம் தர 80 லட்சம் கன மீட்டருக்குச் சற்று மேல். உயரம் பாதியானால் நீர் இரட்டிப்பாகும், குகைக்குழாயும் பெருக்கும், செலவும் ஏறும். இடம் தேடும்போது குளத்தின் பரப்பைவிட மலையின் செங்குத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

ஏற்றி இறக்கியதில் 75 முதல் 80 சதவீதம் திரும்பக் கிடைக்கும். பேட்டரி 85-ஐத் தாண்டும். ஆனால் பேட்டரிக்கு ஆயுள் 15, 20 ஆண்டு. இதற்கு 60 ஆண்டுக்கு மேல். 1984-இல் திறந்த வேல்ஸின் டினோர்விக் நிலையம், டர்பைன்கள் நீரில்லாமல் காற்றில் சுழன்றபடி தயாராக இருந்தால், 12 விநாடியில் 1,320 மெகாவாட்டை எட்டும். எட்டு, பத்து மணி நேரம் ஓட வேண்டிய இடத்தில் பேட்டரியை அடுக்கிக்கொண்டே போவதைவிட இன்னொரு அடி ஆழமாகக் குளம் வெட்டுவது மலிவு.

சிக்கல் பூமிக்குள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஸ்னோவி 2.0 திட்டம் 2017-இல் 2 பில்லியன் ஆஸ்திரேலிய டாலர் என்று அறிவிக்கப்பட்டது. 2023-இல் அது 12 பில்லியன். சுரங்கம் தோண்டும் இயந்திரம் ஒன்று இளகிய மண்ணில் சிக்கி மாதக்கணக்கில் நின்றது. திட்டத்தைத் தொடங்கி வைத்த பிரதமர் பதவி இறங்கி வெகுநாள் ஆகிவிட்டது. அரசியலின் காலம் ஐந்தாண்டு, குகையின் காலம் பத்தாண்டு. அறிவிப்புக்கு முன் ஆழ்துளை மண் பரிசோதனைக்குச் செலவழிக்க யாருக்கும் மனம் வராது, ஏனென்றால் அதற்கு ரிப்பன் வெட்ட முடியாது. ஆற்றின் குறுக்கே கட்டாமல், ஆற்றை விட்டு விலகி இரண்டு குளங்கள் வெட்டும் வகைக்குக் காட்டு அனுமதி, இடப்பெயர்ச்சிச் சிக்கல்கள் குறைவு. முதல் நிரப்பலுக்கும் ஆவியாவதை ஈடுசெய்யவும் நீர் எங்கிருந்து வரும் என்பதைத் திட்ட அறிக்கையில் தேடிப் பாருங்கள். பல அறிக்கைகளில் அது ஒரே வரியில் முடிந்திருக்கும்.

எரிவாயு: அரிதான நாட்களுக்கு, அரிதாக மட்டும்

ஒற்றைச் சுழற்சி எரிவாயு டர்பைன், அதாவது வெளியேறும் சூட்டை மறுபடி பயன்படுத்தாத எளிய வகை, பத்து நிமிடத்தில் ஓடத் தொடங்கும். கட்டச் செலவு குறைவு, எரிபொருள் செலவு அதிகம். மூன்றாவது கேள்விக்கு விடை 'ஆண்டுக்குச் சில நாள்' என்றால் இதற்கு இணை குறைவு. தினமும் என்றால் மோசம்.

ஏமாற்றம் ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கிறது. திரவமாக்கிய இயற்கை எரிவாயுவைப் பதினைந்து, இருபது ஆண்டுக்கு, 'எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம்' என்ற நிபந்தனையில் வாங்குகிறார்கள். பணம் ஏற்கெனவே கட்டியாயிற்று என்பதால் அவசரத்துக்கு என்று கட்டிய நிலையம் தினமும் ஓடுகிறது. குழாயில் கசியும் மீத்தேன், இருபதாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்கு சூடேற்றும் என்பதையும் சேர்த்தால், 'நிலக்கரியில் பாதிப் புகை' என்ற பெருமை கரையத் தொடங்கும்.

எரிவாயு நம்பகமானது என்பதும் அரைகுறை உண்மை. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் உறைபனி வந்தபோது எரிவாயுக் கிணற்று முகப்புகள் உறைந்தன. அதோடு, மின்வெட்டுப் பட்டியலில் எரிவாயுவைக் குழாயில் தள்ளும் கம்ப்ரசர்களும் இருந்தன. மின்சாரத்தை வெட்ட எரிவாயு நின்றது. எரிவாயு நிற்க மின்சாரம் இன்னும் குறைந்தது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காப்பு நிலையம் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, அதன் எரிபொருள் பாதையில் உள்ள ஒவ்வொரு மோட்டாரும் எந்த மின்பாதையில் இருக்கிறது என்று பட்டியலிட்டு, வெட்டு வரிசையிலிருந்து விலக்குவது.

இருக்கும் நிலக்கரி நிலையத்தை வளைப்பது

'புதிதாக எதுவும் வேண்டாம், இருக்கும் அனல் நிலையத்தையே பகலில் குறைத்து மாலையில் ஏற்றலாம்' என்பது கேட்க இனிமையான யோசனை. ஓரளவு நடக்கவும் செய்யும். நன்கு மாற்றியமைத்தால் முழுத்திறனில் 40 சதவீதம் வரை இறக்கலாம். ஜெர்மனியில் அதற்கும் கீழே ஓடும் அலகுகள் உண்டு.

இறக்கும்போது என்ன நடக்கிறது? பாய்லரில் தீ தள்ளாடும். அதை அணையாமல் பிடிக்க எண்ணெய் ஊற்ற வேண்டும். புகைச் சுத்திகரிப்பு வேலைசெய்யத் தேவையான வெப்பம் கிடைக்காது. தினம் சூடாகி ஆறுவதால் தடித்த நீராவிக் குழாய்களின் இணைப்புகளில் மயிரிழை விரிசல் விழும். அது அடுத்த ஆண்டு பெரிய பழுதாக வந்து நிற்கும். யூனிட்டுக்கு எரியும் கரியும் கூடும். முழுதாக நிறுத்திவிடலாமே என்றால், ஆறிப்போன அலகை மீண்டும் ஓட்ட பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் மாலைக்காக நண்பகலில் 40 சதவீதத்தில் உறுமிக்கொண்டே இருக்கும். 500 மெகாவாட் அலகுகள் பத்து அப்படி இருந்தால், இலவச வெயில் அடிக்கும் நேரத்தில் 2,000 மெகாவாட் சூரிய உற்பத்திக்கு இடமில்லை.

ஏன் மூடமாட்டேன் என்கிறார்கள்? பல ஒப்பந்தங்களில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலையான கட்டணம் உண்டு. கடன் கொடுத்த வங்கி, சரக்கு ரயில் வருமானம், சுரங்க ஊரின் கடைத்தெரு, எல்லாம் அதில் தொங்குகின்றன. ஜெர்மனி 2038-க்குள் நிலக்கரியிலிருந்து வெளியேறத் திட்டமிட்டபோது சுரங்கப் பகுதிகளுக்கு 40 பில்லியன் யூரோ வரை ஒதுக்கியது. தென்னாப்பிரிக்காவின் கோமாட்டி அனல் நிலையம் 2022 அக்டோபரில் மூடப்பட்டது. மாற்று வேலைகள் பின்னால் மெதுவாக வந்தன, நாடு மின்வெட்டில் தவித்தது. அந்த ஒரு நிலையத்தைக் காட்டியே மற்ற ஊர்களில் எதிர்ப்புத் திரண்டது. வேலை முதலில், பூட்டு பிறகு என்ற வரிசை மாறினால் இப்படித்தான் ஆகும்.

நெடுந்தூரக் கம்பியும் மற்றவையும்

தீர்க்கரேகையில் 15 பாகை மேற்கே நகர்ந்தால் சூரியன் ஒரு மணி நேரம் தள்ளி மறையும். மேற்கே உள்ள தகடுகள் கிழக்கின் மாலையைத் தாங்கும். உயர் அழுத்த நேர்த்திசை மின்னோட்டப் பாதையில் 1,000 கிலோமீட்டருக்கு இழப்பு ஏறத்தாழ 3 சதவீதம்தான். சீனாவின் சாங்ஜி-குச்சுவான் பாதை 3,000 கிலோமீட்டரைத் தாண்டி 12,000 மெகாவாட் கடத்தும் திறனுடன் கட்டப்பட்டது. பொறியியல் தயார். தடுப்பது வழியில் இருக்கும் ஊர்கள்: கோபுரம் அவர்கள் வயலில், மின்சாரம் வேறு யாருக்கோ. ஜெர்மனியின் சூட்லிங்க் பாதை 2022-இல் முடிய வேண்டியது. எதிர்ப்புக்குப் பணிந்து கேபிளைப் புதைக்க முடிவானதில் 2028-க்குத் தள்ளிப்போனது.

நேரத்துக்கு ஏற்ற கட்டணம் வைத்து, தண்ணீர் மோட்டார், வெந்நீர்க் கலன், கார் சார்ஜ் ஆகியவற்றைப் பகலுக்கு நகர்த்துவது எல்லாவற்றிலும் மலிவு. ஒரு எச்சரிக்கை மட்டும்: மலிவு நேரம் தொடங்கும் அதே நிமிடத்தில் எல்லா கருவிகளும் ஓடத் தொடங்கினால் அதுவே புது உச்சமாகிவிடும். ஒவ்வொரு கருவிக்கும் வெவ்வேறு அளவில் சில நிமிடத் தாமதம் கொடுக்க வேண்டும்.

ஹைட்ரஜனை மாலை மின்சாரத்துக்குப் பேசுவது வீண். 1 கிலோ தயாரிக்க 50 யூனிட்டுக்கு மேல் செலவாகும். அதை டர்பைனில் எரித்தால் 20 யூனிட்கூடக் கிடைப்பது அரிது. உர ஆலைக்கும் எஃகு ஆலைக்கும் போகட்டும்.

யூனிட் கணக்கில் வராத ஒன்று

2025 ஏப்ரல் 28 அன்று நண்பகல் தாண்டி ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருளில் மூழ்கியபோது குறைந்தது மின்சாரம் அல்ல. மின்னழுத்தம் கட்டுமீறி ஏறியது, நிலையங்கள் ஒவ்வொன்றாகத் தாமே விலகிக்கொண்டன. அழுத்தத்தை இழுத்துப் பிடிக்க வேண்டிய பழைய நிலையங்கள் போதிய அளவு பிடிக்கவில்லை. பெரும்பாலான சூரிய நிலையங்களுக்கோ அந்த வேலையே தரப்பட்டிருக்கவில்லை. பேட்டரிக்கு ஒப்பந்தம் எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: மின்தொகுப்பில் மற்ற நிலையங்கள் உருவாக்கும் மாறுமின்னோட்ட அலையைப் பின்தொடரும் இன்வெர்ட்டர் வேறு, தானே அலையை உருவாக்கும் இன்வெர்ட்டர் வேறு. இரண்டாவதைத் தொடக்கத்திலேயே கேட்டால் கூடுதல் செலவு சிறிது. பிறகு மாற்றப் போனால் கட்டுப்பாட்டு மென்பொருள் முதல் பாதுகாப்பு ரிலே வரை மறுபரிசோதனை.

மூடிய நிலையங்களும் இங்கே உதவும். ஜெர்மனியின் பிப்லிஸ் அணுமின் நிலையம் மூடிய பிறகு, அதன் ஜெனரேட்டர் ஒன்றை 2012 முதல் எரிபொருள் இல்லாமல் சும்மா சுழலவிட்டு மின்னழுத்தத்தைச் சீராக்கப் பயன்படுத்தினார்கள். ஆஸ்திரேலியாவின் லிடெல் அனல் நிலையம் 2023 ஏப்ரலில் நின்றது. அந்த வளாகத்தில் 500 மெகாவாட் பேட்டரிக்கு வேலை தொடங்கியது. பாய்லர் பழைய இரும்பு விலைக்குப் போகும். துணைமின் நிலையத்தையும் அங்கிருந்து கிளம்பும் கம்பிகளையும் விட்டுவைக்கிறார்கள், ஏனென்றால் புதிய இணைப்புக்கு மனுப் போட்டு வரிசையில் நிற்பவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.