காரைக்குடியில் நர்ஸ்களுக்கான மருந்துப் பயிற்சி: ஆறு சனிக்கிழமை போய்வந்த அனுபவம்

போகலாம். ஆனால் நோட்டீஸில் போட்டிருப்பதை நம்பிப் போகாதீர்கள். என் விமர்சனம் இவ்வளவுதான், மீதியைப் படிக்க நேரமிருப்பவர்கள் படியுங்கள்.

போன ஆவணியில் ஆரம்பித்துப் புரட்டாசியில் முடிந்த பயிற்சி இது. ஆறு சனிக்கிழமை, காலை 10 மணியிலிருந்து மாலை 4 வரை, கட்டணம் 3,000 ரூபாய். கிராமங்களில் வேலை பார்க்கிற செவிலியர்கள் பாதுகாப்பாக மருந்து கொடுப்பது எப்படி என்பதுதான் பாடம். நடத்தினவர்கள் பேரைப் போடவில்லை. குறையும் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன், பாடம் எடுத்தவர்களில் இரண்டு பேர் எனக்கு வேண்டியவர்கள், காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டாலும் இன்னும் எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊர்தான். நான் ஒரு துணை சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையம் 9 கிலோமீட்டர், டாக்டர் மேடம் போனில்தான் கிடைப்பார். அதனால் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வருகிறவர்களுக்கு முதலில் மாத்திரையை எடுத்து நீட்டுகிற கை என்னுடையது. அந்தக் கை சரியாக நீட்டுகிறதா என்ற பயம் ரொம்ப நாளாக இருந்தது, அதற்காகத்தான் சேர்ந்தேன்.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸில் கொட்டை எழுத்தில் ‘மருந்து பரிந்துரைக்கும் தகுதி பெறுங்கள்’ என்று போட்டிருந்தார்கள். அப்படி ஒரு தகுதியை ஆறு சனிக்கிழமையில் யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது. நம் நாட்டில் நர்ஸ் தன் கையெழுத்தில் சீட்டு எழுதிக் கொடுக்கப் பொதுவான அனுமதி கிடையாது. துணை சுகாதார நிலையத்தில் நாங்கள் கொடுக்கிற மருந்து, அரசு வகுத்த வழிமுறைப்படி, அரசு அனுப்பிய பட்டியலுக்குள் கொடுப்பது. 2019இல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் 32ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. சமுதாய சுகாதாரப் பணியாளர்களுக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் கொடுக்கலாம், அவர்கள் ஆரம்ப நிலை சிகிச்சையிலும் நோய்த்தடுப்பிலும் குறிப்பிட்ட மருந்துகளை மட்டும் தாங்களாக எழுதலாம், மற்றதெல்லாம் பதிவு பெற்ற மருத்துவர் மேற்பார்வையில்தான் என்கிறது அது. சட்டத்தில் இப்படி ஒரு வரி இருப்பது வேறு, என் கையில் உரிமம் இருப்பது வேறு. இதை முதல் நாள் முதல் அரைமணி நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். நாலாவது வாரம், அதுவும் ஒரு பெண் எழுந்து கேட்ட பிறகுதான் சொன்னார்கள். அந்தப் பெண் ஒரு தனியார் வீட்டுச் சிகிச்சை நிறுவனத்தில் வேலை பார்க்கிறவள், சான்றிதழை மாட்டிக்கொண்டு சீட்டு எழுதலாம் என்றே நினைத்து வந்திருக்கிறாள். பாவம், 3,000 ரூபாயோடு இரண்டு நாள் சம்பளம் வேறு போச்சு.

சரி, நல்லதுக்கு வருகிறேன். பாடம் எடுத்தவர்களில் ஒருவர் தேவகோட்டைப் பக்கம் பிறந்து இங்கிலாந்தில் பல வருஷம் வீடு வீடாகப் போகிற நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பியவர். அவர் அங்கத்திய கதையைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அங்கேயும் ஒரு காலத்தில் புண்ணுக்குக் கட்டுப் போடும் துணிக்குக்கூட டாக்டர் கையெழுத்துக்கு நர்ஸ் காத்துக் கிடந்தாளாம். இப்படி நேரம் வீணாவதை 1986இல் வீடு வீடாகப் போகிற நர்ஸ்களைப் பற்றி வந்த கம்பர்லெஜ் அறிக்கை எடுத்துச் சொல்லி, நர்ஸ்கள் ஒரு சின்னப் பட்டியலுக்குள் எழுதலாம் என்றது. சட்டம் 1992இல் வந்தது, 1994இல் சில இடங்களில் மட்டும் சோதனை, 2006இல்தான் தனிப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் தங்களுக்குத் தெரிந்த துறைக்குள் ஏறக்குறைய எல்லா மருந்தையும் எழுதலாம் என்று திறந்துவிட்டார்கள். இருபது வருஷம். “அவங்க இருபது வருஷத்துல ஏறின படியை நோட்டீஸ்ல ஒரே தாவா தாவிட்டாங்களேம்மா” என்று அவரே சிரித்தார். அந்த நோட்டீஸை அடித்தவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தப் பயிற்சியில் கொடுத்த காசுக்கு மேலே எனக்குக் கிடைத்தது இரண்டாவது வார வீட்டுவேலைதான். ஆளுக்கு மூன்று வீடு. அந்த வீட்டில் இருக்கிற அத்தனை மருந்தையும் ஒரு துண்டை விரித்துப் பரப்பி, எது யார் கொடுத்தது, எதற்கு, எப்போது சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதிவர வேண்டும். எதையும் நிறுத்தச் சொல்லக் கூடாது, மாற்றக் கூடாது, கேட்க மட்டும்தான். இதில் என்ன இருக்கிறது என்று அலட்சியமாகத்தான் போனேன்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஆச்சி வீடு. வயது எழுபத்தெட்டு. அந்தப் பக்கத்து வீடுகளைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒரு தெருவில் வாசல் திறந்தால் அடுத்த தெருவில் பின்கதவு. அத்தனை பெரிய வீட்டில் ஆச்சியும் ஒரு வேலைக்காரம்மாவும் மட்டும். மகன் சிங்கப்பூர், மகள் அமெரிக்கா. பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து பட்டாலையில் கவிழ்த்தார். “இது மகன் அனுப்புனது ஆத்தா, அந்த ஊரு மருந்து, நல்லாக் கேக்கும்” என்று எடுத்துக் காட்டியது பனடால். முழங்கால் வலிக்கும்போது இரண்டு இரண்டாக மூன்று வேளை. பக்கத்திலேயே மகள் அனுப்பிய பாட்டிலில் அசிட்டமினோஃபென் என்று இருந்தது, தூங்கப் போகும்போது இரண்டு. மூன்றாவதாகக் காரைக்குடியில் ஒரு கிளினிக்கில் எழுதிக்கொடுத்த வலி மாத்திரை, காலை ஒன்று இரவு ஒன்று. மூன்றுக்குள்ளும் இருப்பது பாரசிட்டமால்தான்! அமெரிக்காவில் அதற்கு அசிட்டமினோஃபென் என்று பெயர். பனடாலில் 3,000 மில்லிகிராம், அமெரிக்க மாத்திரையில் 1,000, வலி மாத்திரைக்குள் ஒளிந்திருந்தது இரண்டு வேளைக்கு 650. கூட்டினால் 4,650. நல்ல உடம்பு உள்ள பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4,000க்கு மேல் போகக் கூடாது, மேலே போனால் கல்லீரலுக்கு ஆபத்து.

அதோடு முடியவில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021இல் வந்ததிலிருந்து பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது, நல்ல திட்டம், நான் குறை சொல்லவே மாட்டேன். அதில் ஆச்சிக்கு வருவது அம்லோடிபின். தனியார் கிளினிக்கில் எழுதியதும் அம்லோடிபின்தான், அட்டையில் கம்பெனி பெயர் பெரிதாக இருக்கும், மருந்தின் பெயர் எறும்பு அளவில் இருக்கும். ஆச்சியைப் பொறுத்தவரை அது வெள்ளை, இது ரோஸ், அதனால் இரண்டு மருந்து. அம்லோடிபின் அளவு கூடினால் கணுக்கால் வீங்குவது உண்டு, வீங்கியது. வீக்கத்துக்கு இன்னொருவர் நீர் மாத்திரை எழுதினார். அதைச் சாயங்காலம் போட்டுக்கொண்டு இரவில் நாலு தடவை எழுந்து, இரண்டாம் கட்டைத் தாண்டிப் பின்கட்டில் இருக்கிற கழிவறைக்கு, ஆத்தங்குடிக் கல் வழுவழுப்பில், பாதி விளக்கு எரியாத வீட்டில் நடக்கிறார். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கு இன்னொரு மருந்து எழுதுவதை வகுப்பில் மருந்துச் சங்கிலி என்றார்கள். பாடமாகக் கேட்டபோது தலையாட்டிவிட்டு மறந்திருப்பேன், பட்டாலையில் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது.

பாரசிட்டமால் கணக்கு அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்கிற விஷயமில்லை. அங்கிருந்தே எங்கள் டாக்டர் மேடத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் வாசித்தேன். பாரசிட்டமால் இருக்கிற மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நிறுத்தச் சொன்னார், ஒரு அம்லோடிபினை எடுக்கச் சொன்னார், ஆச்சியை நேரில் பார்த்த பிறகு நீர் மாத்திரையையும் நிறுத்தினார். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்துவிட்டது. நான் இதில் ஒரு மருந்துகூட எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது வாரம் இன்சுலின். இதுவும் அருமை. நம் ஊரில் குப்பியில் வருகிற இன்சுலினில் பெரும்பாலானது ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனா மாதிரி இருக்கிற ஊசியில் மாட்டுகிற இன்சுலின் குழாயில் 100 யூனிட். சிவப்பு மூடி ஊசி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கொரு குப்பியில் தண்ணீர் கொடுத்து, ‘பேனாவுக்கு ஊசிமுனை தீர்ந்துவிட்டது, குழாயிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் உறிஞ்சி 20 யூனிட் போடுங்கள்’ என்றார்கள். 22 பேரில் 9 பேர் 20ஆவது கோடு வரை இழுத்துவிட்டோம். அந்தக் கோடு அரை மில்லி, குழாய் மருந்தில் அது 20 யூனிட் இல்லை, 50. இரண்டரை மடங்கு. ராத்திரி அந்த அளவு ஏறினால் காலையில் ஆளை எழுப்ப முடியாது. அந்த 9 பேரில் நானும் உண்டு, பதினோரு வருஷ சர்வீஸ்.

குழந்தைகளுக்கான வகுப்பு ஒரு மதியத்தோடு முடிந்துவிட்டது, இன்னும் இழுத்திருக்கலாம். பத்துக் கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாரசிட்டமால் 150 மில்லிகிராம் வேண்டும். 5 மில்லிக்கு 125 இருக்கிற சிரப்பில் அது 6 மில்லி, 250 இருக்கிற சிரப்பில் 3 மில்லி, ஒரு மில்லிக்கு 100 இருக்கிற சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. மூன்றும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரி ஆரஞ்சுப் படம் போட்டு நிற்கும். நாம் ‘ஒரு சங்கு கொடுங்க’ என்று சொல்லி அனுப்புகிறோம். வீட்டுக்கு வீடு வெள்ளிச் சங்கு ஒவ்வொரு அளவு, பாட்டி வீட்டுச் சீர் என்றால் அது தனி அளவு! மில்லியில் சொல், அளவு மூடியில் கோடு போட்டுக் காட்டு என்று சொல்லிக்கொடுத்தார்கள். 0.5 என்று எழுதும்போது முன்னால் சைபர் போடு, 1 என்று எழுதும்போது பின்னால் புள்ளியும் சைபரும் போடாதே, புள்ளி மங்கினால் பத்தாகிவிடும் என்பதும் அன்றைக்குத்தான். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரே ஒரு தடவை போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைத் தினமும் போட்டுவிடுகிற தவறு உயிரையே எடுக்கும் என்பதால், ‘வாரம் ஒன்று’ என்று விடாமல் ‘செவ்வாய்க்கிழமை மட்டும்’ என்று கிழமையோடு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அன்றைக்கே எங்கள் நிலையத்துச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

ஐந்தாவது வாரம் ஆன்டிபயாடிக். சொதப்பல், இதற்கு மேல் நாகரிகமாகச் சொல்ல வரவில்லை. எடுத்தவர் மருத்துவக் கல்லூரிப் பாடத்தை அப்படியே கொண்டுவந்து 140 பக்கம் திரையில் ஓட்டினார், எல்லாம் ஆங்கிலத்தில். எங்களுக்கு வேண்டியது வேறு. வயிற்றுப்போக்கோடு வருகிற குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் கொடுத்து, ‘ஆன்டிபயாடிக் குடு’ என்று சண்டை போடுகிற அப்பனை எப்படிச் சமாளிப்பது என்பதுதான். ஒரு விஷயம் மட்டும் எழுதிக்கொண்டேன். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கு ஹெச்1 என்று ஒரு பட்டியல் உண்டு, பல ஆன்டிபயாடிக் அதில் இருக்கிறது; 2014 மார்ச்சிலிருந்து அந்தப் பட்டியல் மருந்தை விற்கிற கடை அதற்கென்று தனிப் பதிவேடு போட்டு மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்திருந்த மருந்தாளுநர் தம்பி மெதுவாகச் சொன்னதுதான் இது, திரையில் வரவில்லை. மருந்தால் ஒவ்வாமையோ வேறு கேடோ வந்தால் நர்ஸே நேரடியாகத் தெரிவிக்கலாம், அதற்கு 1800-180-3024 என்று கட்டணமில்லா எண் இருக்கிறது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். அந்தத் தம்பியை மேடையில் ஏற்றியிருக்கலாம்.

இடம் பழைய வீட்டு ஹால், மின்விசிறி இல்லாமலேயே குளுகுளு என்றிருந்தது, ஆனால் முற்றத்து வெளிச்சத்தில் திரையில் ஒரு எழுத்தும் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்கு முழு மார்க். சர்க்கரை நோய் வகுப்பு நடந்த அன்றைக்குக் கவுனி அரிசி இனிப்பு போட்டார்கள், யாரும் வேண்டாம் என்று சொன்னதாக நினைவில்லை.

கடைசி நாள் தேர்வு முதல் நாள் வைத்த அதே தேர்வு, கேள்வி வரிசைகூட மாறவில்லை. எல்லாரும் பாஸ். இன்சுலினில் 50 யூனிட் இழுத்த நானும் அன்றைக்குத் தண்ணீரும் ஊசியும் வைத்து மறுபடி சோதிப்பார்கள் என்று பயந்து போனேன், யாரும் கேட்கவில்லை. சான்றிதழிலும் அந்தப் ‘பரிந்துரை’ என்ற சொல் தங்க எழுத்தில் இருக்கிறது. மாட்டவில்லை, மேசை டிராயரில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது நோட்டீஸுக்கு, அரையைக் குறைத்தது ஐந்தாவது வாரத்துக்கு. அடுத்த அணி தை பிறந்த பிறகு என்கிறார்கள். சேருகிறவர்கள் தமிழில் குறிப்பு கேட்டு நச்சரியுங்கள், நாங்கள் கேட்டதில் இரண்டு வாரத்துக்குத் தமிழில் அடித்துக் கொடுத்தார்கள். வீட்டுவேலைக்கு ஏதாவது ஆச்சி வீட்டுக்குப் போவதாக இருந்தால் ஒரு முழு மதியத்தை ஒதுக்கிக்கொண்டு போங்கள். டப்பா ஒன்றுதான் என்று சொல்வார்கள், கேட்டுக்கொண்டே இருந்தால் அலமாரியிலிருந்து இன்னும் இரண்டு வரும்.