பெட்டியில் 100 மெகாஹெர்ட்ஸ், உள்ளே 30: ஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

சென்னை ரிச்சி தெருவில் 10,500 ரூபாய் கொடுத்து ஒரு டிஜிட்டல் ஆசிலோஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி, சுருக்கமாக ஸ்கோப்) வாங்கினேன். பெட்டியில் 100 மெகாஹெர்ட்ஸ் என்று பெரிதாக அச்சடித்திருந்தது. விநாடிக்கு 10 கோடி முறை ஏறி இறங்கும் அலை வரை காட்டும் என்று அர்த்தம். அளந்து பார்த்தால் 30-ஐத் தாண்டவில்லை. பணம் போனது ஒரு பக்கம். அதை நம்பி ஒருவருடைய தராசை நான்கு நாள் மேஜையில் போட்டு வைத்து, நன்றாக இருந்த பார்ட்ஸையெல்லாம் கழற்றி மாற்றினேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஈரோட்டில் எனக்குச் சின்ன சர்வீஸ் கடை. பல வருடம் மல்டிமீட்டரை வைத்தே ஓட்டிவிட்டேன். இனி ஸ்கோப் இல்லாமல் முடியாது என்றுதான் சென்னை போனேன். "டூயல் சேனல், 100 மெகா, ஒரு கிகா சாம்பிள் சார். இந்த ரேட்டுக்கு வேற எங்கயும் கிடைக்காது" என்றார் கடைக்காரர். டெமோவும் காட்டினார். ஸ்கோப்பிலேயே இருக்கும் டெஸ்ட் முனையில் புரோபை (அளக்கத் தொடும் ஒயர் முனை) மாட்டினார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல சதுர அலை வந்தது. நான் விழுந்தது அங்கேதான். அந்த முனையில் வருவது வெறும் 1 கிலோஹெர்ட்ஸ். 200 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டுமே போகும் டிஎஸ்ஓ138 என்ற சின்ன ஸ்கோப் கிட்டும் அதை இதே அழகோடு காட்டும். 100 மெகாவுக்கும் அந்த டெமோவுக்கும் சம்பந்தமே இல்லை. பில் கேட்டேன். "பில் போட்டா 18 சதவீதம் கூட வரும் சார்" என்று எஸ்டிமேட் சீட்டில் எழுதிக் கொடுத்தார். சரி என்று ரொக்கமாகக் கொடுத்து வாங்கி வந்தேன்.

வந்த வாரமே மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர் எலக்ட்ரானிக் தராசைக் கொண்டு வந்தார். "தம்பி, மூட்டையை ஏத்தி வெச்சா நம்பர் நிக்கவே மாட்டேங்குதுங்க." உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் சப்ளை, 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலோடு (கிளாக் துடிப்பைத் தருவது) ஒரு மைக்ரோகன்ட்ரோலர். புதிய ஸ்கோப்பின் டைம்பேஸை (திரையின் ஒரு கட்டம் எவ்வளவு நேரம் என்ற அமைப்பை) 1 மில்லி விநாடியில் வைத்து கிரிஸ்டல் முனையைத் தொட்டேன். மெதுவாக ஏறி இறங்கும் அலை ஒன்று தெரிந்தது. அளந்தால் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரைத் தாண்டினால் மிஞ்சும் அலைவு, அதாவது ரிப்பிள், 100 ஹெர்ட்ஸ். ஆக, சப்ளையின் ரிப்பிள்தான் உள்ளே வருகிறது என்று முடிவு கட்டினேன். ஃபில்டர் கெப்பாசிட்டரை மாற்றினேன். ரெகுலேட்டரை மாற்றினேன். பிரிட்ஜையும் மாற்றினேன். அலை போகவில்லை. ஒரு நேரம் 90 காட்டியது, கொஞ்சம் சூடானதும் 110 காட்டியது. கரண்டிலிருந்து வரும் ரிப்பிள் அப்படி நகராது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான்காம் நாள்தான் டைம்பேஸை 100 நானோ விநாடிக்குத் திருப்பினேன். அந்த மெதுவான அலை மறைந்து, 12 மெகாஹெர்ட்ஸ் கிளாக் சுத்தமாக வந்து நின்றது. ரிப்பிள் என்ற ஒன்று அங்கே இருந்ததே இல்லை.

நடந்தது இதுதான். திரையில் 12 கட்டம். கட்டத்துக்கு 1 மில்லி விநாடி என்றால் மொத்தம் 12 மில்லி விநாடி. சேமித்த அலையின் ஃபைலைக் கம்ப்யூட்டரில் திறந்து எண்ணினேன்: 3,000 புள்ளிதான். அப்படியென்றால் அந்த நிலையில் அது விநாடிக்கு எடுத்தது 2,50,000 சாம்பிள் (அளந்த புள்ளி), அவ்வளவே. 12 மெகாஹெர்ட்ஸ் என்பது சரியாக அதன் 48 மடங்கு. 48 அலைக்கு ஒரு முறை, அலையின் கிட்டத்தட்ட அதே இடத்தில் ஒரு புள்ளி விழும். தராசின் கிரிஸ்டலும் ஸ்கோப்பின் கிரிஸ்டலும் மயிரிழை வித்தியாசத்தில் ஓடுவதால் அந்தப் புள்ளி மெல்ல நகர்ந்து, இல்லாத ஓர் அலையை வரைந்துவிடுகிறது. இந்தப் பொய் அலை எந்த டிஜிட்டல் ஸ்கோப்பிலும் வரலாம். ஆனால் பெட்டியில் போட்டிருந்த 'டீப் மெமரி' உண்மையாக, 12 மில்லியன் புள்ளியாக இருந்திருந்தால், அதே 12 மில்லி விநாடியில் விநாடிக்கு ஒரு கிகா சாம்பிள் கிடைத்திருக்கும். நானும் நான்கு நாள் சுற்றியிருக்க மாட்டேன். யாரிடம் எந்த ஸ்கோப் இருந்தாலும் சரி, தெரியாத இடத்தைத் தொடும்போது வேகமான டைம்பேஸில் ஆரம்பித்து மெதுவுக்கு வாருங்கள். டைம்பேஸை மாற்ற மாற்ற அலையின் ஹெர்ட்ஸும் மாறினால் அது பொய்.

தராசில் உண்மையான கோளாறு எடையை உணரும் லோட் செல்லின் கனெக்டரில் இருந்தது. பின்களில் பச்சை பூத்திருந்தது. சுத்தம் செய்து புது கனெக்டர் போட்டதும் நம்பர் நின்றது. எடையளவுத் துறையில் முத்திரை வாங்கித் திரும்பக் கொடுக்கும்போது கூலி மட்டும்தான் வாங்கினேன்.

அப்புறம்தான் சந்தேகம் வந்து, தெரிந்த ஒருவர் மூலம் ஒரு கல்லூரி லேபுக்கு ஸ்கோப்பை எடுத்துக்கொண்டு போனேன். சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 1 வோல்ட் சைன் அலை, ஸ்கோப் முனையில் அலை திரும்பி வராமல் தடுக்கும் 50 ஓம் டெர்மினேட்டர். 1 மெகாவில் 1 வோல்ட் காட்டியது. 10-இல் கொஞ்சம் குறைந்தது. 30-க்கு வந்தபோது 0.7 வோல்ட். பேண்ட்வித் என்பதே உயரம் 70 சதவீதமாகக் குறையும் அந்த இடம்தான். 50 மெகாவில் பாதிதான் மிஞ்சியது. 100-இல் நடுங்கும் ஒரு கோடு.

லேப் இல்லாமலும் இதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். ஒரு 74ஏசி14 ஐசி, ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், 7805, 9 வோல்ட் பேட்டரி. சின்ன போர்டில் சதுர அலை தரும் ஆசிலேட்டராகக் கட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஐசியின் அலை 2 நானோ விநாடி அளவில் ஏறிவிடும். புரோபில் உள்ள ஸ்விட்சை 10எக்ஸில் (சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் நிலை) வையுங்கள். 1எக்ஸில் சாதாரண புரோப் சில மெகாவோடு நின்றுவிடும். நீள முதலை கிளிப்பைக் கழற்றிவிட்டு, முனையிலேயே மாட்டும் ஸ்பிரிங் கிரவுண்டைத் தொடுங்கள். இல்லையென்றால் அந்த ஒயரே அலையைத் துள்ள வைக்கும். இப்போது ரைஸ் டைம் (அலை ஏற எடுக்கும் நேரம்) அளக்கச் சொல்லுங்கள். 0.35-ஐ பேண்ட்வித்தால் வகுத்தால் ஸ்கோப்பின் சொந்த ரைஸ் டைம்: உண்மையான 100 மெகாவுக்கு 3.5 நானோ விநாடி, திரையில் 4 பக்கம் காட்டும். என்னுடையது 12 காட்டியது. இந்தச் சோதனைக்குக் கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அங்கே வாங்காதீர்கள். அதே தெருவில், "வெச்சுப் பாருங்க சார்" என்று மேஜையை ஒதுக்கித் தருகிற கடைகளும் இருக்கின்றன.

பணத்தை விடப் பெரிய ஆபத்து ஒன்று. பெட்டியில் '400 வோல்ட்' என்று இருந்தது. மேனுவலின் கடைசிப் பக்கத்தில், அது 10எக்ஸில் மட்டும், 1எக்ஸில் 40 வோல்ட்தான் என்று பொடி எழுத்தில் இருந்தது. எஸ்எம்பிஎஸ் எனும் ஸ்விட்சிங் சப்ளையின் பிரைமரியில் (கரண்ட் நேராக வரும் பக்கம்) ரெக்டிஃபை ஆன பிறகு 325 வோல்ட் நிற்கும். பேட்டரியில் ஓடும் ஸ்கோப்தானே என்று கிரவுண்ட் கிளிப்பை அந்தப் பக்கம் மாட்டினால், ஸ்கோப்பின் பிஎன்சி (புரோப் மாட்டும் சாக்கெட்) உலோகம் முழுக்க கரண்ட் ஏறிவிடும். கரண்டில் ஓடும் ஸ்கோப் என்றால் கிளிப் எர்த்தோடு சேர்ந்திருப்பதால் ஷார்ட் ஆகி வெடித்துவிடும். ஸ்கோப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிட்டு வேலை செய்யும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரில் (கரண்ட் லைனிலிருந்து பிரித்து வைப்பது) போர்டை ஓட்டுங்கள், அல்லது டிஃபரன்ஷியல் புரோப் (எர்த்தைத் தொடாமல் இரண்டு புள்ளிக்கு நடுவே அளப்பது) வாங்குங்கள்.

இப்போது அந்த ஸ்கோப்பை 30 மெகா ஸ்கோப் என்றே எண்ணி வேலை வாங்குகிறேன். ஆடியோ ஆம்ப், பிடபிள்யூஎம், 38 கிலோஹெர்ட்ஸ் ரிமோட் சிக்னல், 9600 பாட் சீரியல் லைன் எல்லாம் தாராளமாகப் பார்க்கலாம். ஒரே ஒரு முறை வந்து போகும் சிக்னலுக்கு டிரிகரை (அலையை எப்போது பிடிப்பது என்ற அமைப்பு) ஆட்டோவில் விடாமல் சிங்கிளில் வைத்தால் பிடித்துக்கொள்கிறது.

பணத்தைத் திரும்பக் கேட்கப் போனபோது, "பெட்டியில போட்டது கம்பெனி சார், நான் இல்ல" என்றார் கடைக்காரர். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே நியாயமற்ற வணிக நடைமுறை. சுயதொழில் பிழைப்புக்காக வாங்கியவரும் நுகர்வோர்தான்; நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். ஆனால் என் கையில் கடைப் பெயர்கூட இல்லாத எஸ்டிமேட் சீட்டு; பணம் கொடுத்ததும் ரொக்கம். நீங்கள் வாங்கினால் ஜி.எஸ்.டி. பில்லில் மாடல் எண்ணோடு '100 மெகாஹெர்ட்ஸ்' என்று எழுதி வாங்குங்கள். யுபிஐ-யில் கொடுங்கள்.

கடைசியில் வாசல் வரை வந்து, இரண்டு புரோப் சும்மா தருகிறேன் என்றார். பெட்டியோடு வந்த புரோபில் ஒன்றின் சரிசெய்யும் திருகை எவ்வளவு திருப்பினாலும் சதுர அலையின் மூலை நேராகவே இல்லை. அதே பாக்கெட் புரோப்தான் அவர் கையிலும் இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.