மெய்நிகர் டெஸ்க்டாப்பில் டீம்ஸ் கால்: குரலுக்கு எந்த வழி?

டேட்டா சென்டரில் ஓடும் கணினியை உங்கள் திரையில் திறந்து வேலை பார்ப்பதுதான் மெய்நிகர் டெஸ்க்டாப். அதற்குள் மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் பேசும்போது "நீங்க பேசுறது கேக்கல" என்று எதிர்முனையில் சொன்னதும் கை ஹெட்செட்டுக்குத்தான் போகும். அதற்கு முன் டீம்ஸ் செட்டிங்ஸில் மைக்கின் பெயரைப் பாருங்கள். 'ரிமோட் ஆடியோ' என்று இருக்கிறதா, ஹெட்செட்டின் சொந்தப் பெயரா? குரல் எந்த வழியில் போகிறது என்று அந்தப் பெயரே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

'ரிமோட் ஆடியோ' என்றால் குரல் முதலில் டேட்டா சென்டருக்குப் போய், அங்கிருந்துதான் மீட்டிங்குக்குப் போகிறது. ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் நல்லது என்பது ஐடியு-வின் (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) ஜி.114 பரிந்துரை, இந்தச் சுற்றுவழியில் அது எளிதில் தாண்டிவிடும். அமைப்பது சுலபம், ஆனால் ஒரு கண்ணி உண்டு. விண்டோஸுடன் வரும் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷனில் ஒலி கேட்பது தானாகவே இயங்கும், மைக் பதிவு இயங்காது. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் மூன்று ஹெட்செட் மாற்றிப் பார்த்துச் சோர்ந்துபோனார். லோக்கல் ரிசோர்சஸ் டேபில் 'ரெக்கார்ட் ஃப்ரம் திஸ் கம்ப்யூட்டர்' என்பதைத் தேர்ந்தெடுத்து மறுபடி இணைந்ததும் அவர் குரல் கேட்டது.

யூஎஸ்பி ரீடைரக்‌ஷன் என்ற இரண்டாவது வழி, ஹெட்செட்டையே தொலைவிலுள்ள கணினிக்குக் கொடுத்துவிடும். ஒலித் தரவு காத்திருக்காது. இணையம் கொஞ்சம் தடுமாறினாலும் குரல் கரகரக்கும். அலுவலக லேன் (உள் நெட்வொர்க்) தவிர வேறெங்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் தேர்வு மூன்றாவது வழியான மீடியா ஆப்டிமைசேஷன். திரை மட்டும் தொலைவில் இருக்கும். குரல் உங்கள் கணினியிலிருந்தே நேராகக் கிளம்பும். தாமதம் குறையும், சர்வருக்கும் சுமை குறையும். மைக்ரோசாஃப்டின் மெய்நிகர் டெஸ்க்டாப் சேவையான அசூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் டீம்ஸின் அபவுட் பக்கத்தில் 'மீடியா ஆப்டிமைஸ்டு' என்று வர வேண்டும். 'நாட் கனெக்டட்' என்று வந்தால் கிளையன்ட், அதாவது இணைய நீங்கள் பயன்படுத்தும் ஆப், பழசா என்று பாருங்கள்.

இதிலும் சிக்கல் வரும், ஆனால் தேடும் இடம் மாறிவிடும். மைக் அனுமதியை உங்கள் முன்னால் உள்ள கணினியில் சரிபார்க்க வேண்டும். தொலைவிலுள்ள விண்டோஸில் எத்தனை முறை மாற்றினாலும் பலன் இருக்காது. நீங்கள் இருக்கும் நெட்வொர்க்கில் குரல் போகும் யூடிபி போர்ட்டுகள் 3478 முதல் 3481 வரை ஃபயர்வாலில் திறந்திருக்க வேண்டும். தொலைவிலுள்ள டெஸ்க்டாப்பைக் காட்டுவதற்கென்றே உள்ள, திறன் குறைந்த சிறு கணினியான தின் கிளையன்ட் பழையது என்றால் வீடியோவில் திணறும். அங்கே வீடியோவை அணைத்துவிட்டுப் பேசச் சொல்வேன்.

இணைப்பு அறுந்து மறுபடி வந்த பிறகு சாதனப் பட்டியல் பழையதாகவே நிற்பதுண்டு. டீம்ஸை டாஸ்க்பாரின் ஓரத்திலுள்ள ஐகானிலிருந்து முழுவதுமாக மூடித் திறந்து, டெஸ்ட் காலில் உங்கள் குரல் திரும்பிக் கேட்கும்வரை மீட்டிங்குக்குள் போகாதீர்கள்.