துணியா டிஸ்போசபிளா? முதல்ல யாரு துவைக்கப்போறாங்கன்னு பேசி முடிவு பண்ணுங்க

குழந்தை பொறக்கப்போற வீட்ல இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். பாட்டி ஒரு பக்கம் பழைய வேட்டியக் கிழிச்சு அடுக்கி வச்சிருப்பாங்க, ஃப்ரெண்ட்ஸ் பெரிய பேக்கா டயப்பர் வாங்கிட்டு வந்து நிப்பாங்க. உண்மையில நம்ம முன்னாடி மூணு சாய்ஸ் இருக்கு: வேட்டித் துணி லங்கோடு, இப்ப ஆன்லைன்ல விக்கிற ஸ்னாப் பட்டன் வச்ச துணி டயப்பர், அப்புறம் தூக்கிப்போடுற பேண்ட்ஸ் டைப் டிஸ்போசபிள். முதல் ரெண்டையும் "துணி"ன்னு ஒரே கணக்குல சேர்த்துப் பேசுறதாலதான் பாதி குழப்பம் வருது.

முதல் ஒண்ணு ரெண்டு மாசத்துக்கு பகல்ல லங்கோடுதான் என்னோட ஓட்டு. நம்ம ஊர் வெயிலுக்கு அது மாதிரி காத்தோட்டமா வேற எதுவும் இல்ல, எலாஸ்டிக் இல்ல, தொப்புள்கொடி விழாத வரைக்கும் அதை அழுத்தாம கீழ இறக்கிக் கட்டிக்கலாம். இன்னொரு பெரிய நன்மை இருக்கு, யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. தாய்ப்பால் பத்துதா பத்தலையான்னு புது அம்மாக்கள் எவ்ளோ தவிக்கிறாங்க, அஞ்சு நாளுக்கு அப்புறம் குழந்தை 24 மணி நேரத்துல 6 தடவையாவது யூரின் போனா பொதுவா பால் போதுமான அளவு போகுதுன்னு எடுத்துக்கலாம், லங்கோடுல அதை எண்ணுறது ரொம்ப ஈஸி, டிஸ்போசபிள் மொத்தத்தையும் உறிஞ்சிடுறதால எத்தனை தடவை போச்சுன்னே தெரியாது. ஆனா ஒரு நாளைக்கு 15, 20 துணி சாதாரணமா போகும், ராத்திரி நனைஞ்ச உடனே குழந்தை முழிச்சுக்கும், கூடவே அம்மாவும். சிசேரியன் ஆன பொண்ணு குனிஞ்சு அதைத் துவைக்க முடியுமா? அதைக் கேக்காமலே "எங்க காலத்துல டயப்பரா இருந்துச்சு"ன்னு சொல்றது நியாயமே இல்ல.

டிஸ்போசபிளுக்கு வருவோம். உள்ள இருக்கிற பவுடர் சோடியம் பாலிஅக்ரிலேட், ஈரம் பட்டதும் ஜெல்லா மாறி தண்ணிய பிடிச்சு வச்சுக்கும், அதனாலதான் மேல தொட்டா காய்ஞ்ச மாதிரி இருக்கு. "கெமிக்கல்தான் ரேஷுக்குக் காரணம்"னு பெரியவங்க சொல்வாங்க, ஆனா பெரும்பாலும் காரணம் ஈரமும் உரசலும் ஆய் போனது ரொம்ப நேரம் தோல்ல ஒட்டியிருக்கிறதும்தான். ஈர லங்கோட்டோட ஒரு மணி நேரம் விட்டாலும் ரேஷ் வரலாம், 3, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒழுங்கா மாத்துற டிஸ்போசபிள்ல வராமயும் இருக்கும். இதுல இருக்கிற உண்மையான ஆபத்து என்னன்னா, காய்ஞ்ச மாதிரி தெரியுறதால நாம மாத்தாமலே விட்டுடுவோம். தொடை மடிப்புல நல்ல சிவப்பா, சுத்தி சின்னச் சின்னப் புள்ளியோட வந்து, ரெண்டு மூணு நாள்ல க்ரீமுக்கு அடங்கலன்னா அது பூஞ்சையா இருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

ஸ்னாப் பட்டன் துணி டயப்பர்லதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. வெளி லேயர் பி.யூ.எல்னு தண்ணி கசியாத துணி, உள்ள ஈரத்தை உறிஞ்சுற பட்டை, அதுதான் இன்சர்ட். கசியாதுன்னா காத்தும் வேட்டித் துணி அளவுக்குப் போகாதுல்ல, ரெண்டு மூணு மணி நேரத்துல மாத்தியே ஆகணும். காட்டன், பேம்பூ இன்சர்ட்டை வாங்கின உடனே போட்டா ஒழுகும், நாலஞ்சு தடவை அலசி எடுத்தாதான் முழுசா உறிஞ்சும். மைக்ரோஃபைபர் இன்சர்ட் நேரா தோல்ல படக்கூடாது. ஃபேப்ரிக் கண்டிஷனர் போடவே கூடாது. நம்ம வீடுகள்ல தேங்கா எண்ணெய தடவி மேலயே டயப்பர் மாட்டுற பழக்கம் உண்டு பாருங்க, அந்த எண்ணெய் துணில படிஞ்சு உறிஞ்சுறதைக் குறைச்சுடும், கம்பெனிய திட்டுறதுக்கு முன்னாடி அதை நிறுத்திப் பாருங்க.

தண்ணியும் முக்கியம். போர் தண்ணி உப்பா இருந்தா சோப்பு சரியா போகாது, துணி விறைச்சுப் போகும், யூரின் பட்டதும் குப்புன்னு நாத்தம் அடிக்கும், கடைசி அலசலாவது நல்ல தண்ணில பண்ணணும். மஞ்சக் கறை வெயில்ல போட்டாலே பெருசா மங்கிடும். ஆனா ஐப்பசி கார்த்திகை மழைல தடி இன்சர்ட் ரெண்டு நாள் ஆனாலும் காயாது, அந்த சீசன்ல கைல டிஸ்போசபிள் இல்லன்னா கஷ்டம்தான்.

காசு கணக்கு சிம்பிள். டிஸ்போசபிள் ஒண்ணு 10 ரூபான்னு வச்சு நாளைக்கு 6 போட்டா மாசம் 1,800. துணி டயப்பர் ஒண்ணு 600ன்னு 15 வாங்குனா 9,000, அஞ்சு மாசத்துல சமம், ரெண்டாவது குழந்தைக்கும் வரும். இதுல துவைக்கிற ஆளோட உழைப்பை யாரும் சேர்க்கிறதில்ல.

சுற்றுச்சூழல்னு பாத்தா, இங்கிலாந்து அரசு 2023ல வெளியிட்ட ஆய்வுல டிஸ்போசபிளை விட துணிக்கு கார்பன் வெளியீடு 25 சதவீதம் கம்மின்னு வந்துச்சு, 2008ல வந்த ஆய்வுல கிட்டத்தட்ட சமம்னுதான் இருந்துச்சு, எப்படித் துவைக்கிறோம் காயவைக்கிறோம்ங்கிறதுதான் பெரிய வித்தியாசம். நாம பச்சைத் தண்ணில துவைச்சு கொடில காயவைக்கிறவங்க, அது நமக்கு சாதகம். டிஸ்போசபிள் போட்டா ஆயை டாய்லெட்ல தட்டிட்டு, சுருட்டி, பேப்பர்ல சுத்தி, டயப்பர்னு தெரியுற மாதிரி தனியா குடுங்க. 2016ல வந்த திடக்கழிவு விதியே சுத்தித்தான் குடுக்கணும்னு சொல்லுச்சு. துப்புரவுப் பணியாளர் கையால பிரிக்கிற நிலைமை வரவே கூடாது.

அதனால என் முடிவு: துவைக்க ஆளும் தண்ணியும் இருந்தா பகல்ல துணி, ராத்திரியும் பயணமும் டிஸ்போசபிள். லாரித் தண்ணி வாங்குற வீடு, தனியா பிள்ளைய பாத்துக்கிற அம்மான்னா குற்ற உணர்ச்சியே இல்லாம முழுக்க டிஸ்போசபிள் போடுங்க. புருஷன் "துணிதான் நல்லது"ன்னா துவைக்கிற டர்ன் அவருக்கும் வரட்டும்.

வாங்கும்போது நியூபார்ன் சைஸ் ஒரு சின்ன பேக் போதும், சீக்கிரம் சைஸ் மாறிடும். துணி டயப்பரும் முதல்ல மூணு வாங்கி உங்க வீட்டுத் தண்ணில துவைச்சுப் பாத்துட்டு மிச்சத்தை ஆர்டர் பண்ணுங்க.